கிட்டார் வயரிங் வேலைக்கு எந்த மல்டிமீட்டர்?

ஆறுதந்தி:
ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார். பிரிட்ஜ் பக்கம் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பை (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) எடுத்துவிட்டு இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் போடணும், 250 கே (கிலோ ஓம்) வால்யூம் பாட்டை, அதாவது குமிழுக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை, 500 கே ஆக்கணும். கேபிள் செருகும் ஜாக்கும் லூஸ், அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வருது. மீட்டர் இனிமேல்தான் வாங்கணும். 830 என்று எழுதிய மஞ்சள் மீட்டர் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்குது. அதுக்கு மேலே மாஸ்டெக், யூனி-டி, கடைசியா ஃப்ளூக் 101. ட்ரூ ஆர்எம்எஸ், 6000 கவுண்ட், ஆட்டோ ரேஞ்ச் என்று ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொன்று போட்டிருக்கு. கிட்டாருக்கு இதில் எது நிஜமாகவே வேணும்? வால்வ் ஆம்ப்பைத் திறக்கும் எண்ணம் இல்லை. பெடல், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான்.

ஈயப்பற்று:
ட்ரூ ஆர்எம்எஸ்ஸை மறந்துவிடுங்கள். அது ஏசி அளப்பதற்கான வசதி. கழற்றி மேசையில் போட்ட பேசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) கிட்டாருக்குள் அளப்பதற்கு ஏசியே கிடையாது. ஓம், பீப் (இணைப்பு இருந்தால் கத்தும் கன்டினியூட்டி சோதனை), நானோ ஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு), கொஞ்சம் டிசி வோல்ட் இருந்தால் போதும்.

ஓம் பக்கம் 20 கே, 2 மெகா என்ற இரண்டு ரேஞ்சும் இருக்க வேண்டும். ஸ்ட்ராட் சிங்கிள் காயில் 5.5 முதல் 6.5 கே, பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9 கே, அதிக அவுட்புட் தரும் ஹம்பக்கர் 16 கே வரை. எல்லாமே 20 கே ரேஞ்சுக்குள் அடங்கும். பாட்டுக்கு 2 மெகா. 200 கே-யில் வைத்து 500 கே பாட்டை அளந்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கும். ரேஞ்ச் போதவில்லை என்று அர்த்தம், பாட் போய்விட்டது என்று அல்ல. இந்த இரண்டு ரேஞ்சும் அந்த மஞ்சள் மீட்டரிலேயே உண்டு.

பீப் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 830 வரிசையில் பி மாடலில் பொதுவாக பீப் இருக்காது, டி-யில் இருக்கும். கடையிலேயே இரண்டு ப்ரோப்பையும் உரசிப் பாருங்கள். தொட்ட கணத்தில் கத்த வேண்டும், விட்ட கணத்தில் நிற்க வேண்டும். அரை நொடி யோசித்துவிட்டுக் கத்துகிற மீட்டரை வைத்துக்கொண்டு லூஸ் ஜாக்கைப் பிடிக்கவே முடியாது. கேபிளைச் செருகி, அதன் மறுமுனையின் ஸ்லீவில் (பிளக்கின் உடல் பகுதி) ஒரு ப்ரோப், பிரிட்ஜில் இன்னொன்று வைத்து, பிளக்கை மெல்ல ஆட்டினால் விட்டுப்போகும் இடத்தில் பீப்பும் நிற்க வேண்டும். டிப் (பிளக்கின் நுனி) பக்கத்துக்கும் இதே சோதனைதான், பிரிட்ஜுக்குப் பதிலாக உள்ளே ஜாக்கின் டிப் காதில் (வயரை சால்டர் செய்யும் தகடு) ப்ரோப்பை வையுங்கள்.

ஆனால் பிக்கப்பை பீப்பில் வைத்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலான மீட்டர்கள் ஐம்பது ஓமுக்குக் கீழேதான் கத்தும். 8 கே காயில் எப்படிக் கத்தும்? நல்ல பிக்கப்பை செத்துப்போனதாக ஒதுக்கிவைப்பது பாதி இதனால்தான்.

உங்கள் வேலைக்கு 830டி-யே போதும். ஒரே குறை, அதில் கெப்பாசிட்டர் அளக்க வழியில்லை.

ஹம்_இல்லாதவன்:
அந்தக் குறைக்காகவே ஒரு படி மேலே போகலாம்னு சொல்வேன். டோன் கெப்பாசிட்டர்ல 223னு போட்டிருந்தா 22 நானோ, 473னா 47 நானோ, 104னா 100 நானோ. எழுத்து அழிஞ்ச பழசா இருந்தா மீட்டர்தான் கதி. நானோ ஃபாரட் ரேஞ்ச் இருக்கானு பாத்து வாங்குங்க. ஃப்ளூக் 101-ல இருக்கு, ஆனா அதுல கரண்ட் அளக்கவே முடியாது. பெடல் எவ்வளவு மில்லி ஆம்ப் இழுக்குதுனு பாக்கணும்னா அது உதவாது. இதைக் கவனிக்காம வாங்கிட்டு புலம்புறவங்க நிறைய. கையால ரேஞ்ச் மாத்துற மீட்டர்ல 20 நானோ ரேஞ்ச்ல 22 நானோ அடங்காது, 200-க்கு மாத்துங்க. அளக்கும்போது ஒரு காலையாவது சர்க்யூட்ல இருந்து தூக்கிடணும்.

மீட்டரை விட லீடுக்குக் காசு போடுங்க. சின்ன கொக்கி கிளிப் ஒரு ஜோடி கட்டாயம். 500 கே பாட்டோட காதுல ரெண்டு ப்ரோப்பையும் விரலால அழுத்திப் பிடிச்சு அளந்தா, வியர்த்த கை வழியாவும் கரண்ட் போகும். உடம்பும் பாட்டும் பேரலல். 500 காட்ட வேண்டியது 420 காட்டும், பாட் மட்டம்னு கடைக்காரரோட சண்டைக்குப் போவீங்க. பாட்டுக்கே 20 சதவீதம் வரை விலகல் சகஜம், அதாவது 400-ம் சரி 600-ம் சரி. அதுமேல கையோட கணக்கும் சேர்ந்தா எது உண்மைனே தெரியாது.

பாட்டைப் பொருத்துறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க. ஓரக் காது ரெண்டுக்கும் நடுவுல முழு மதிப்பு. நடுக்காதுக்கும் கிரவுண்டுக்குப் போற ஓரத்துக்கும் வெச்சு மெதுவா திருப்பினா எண் தாவாம ஏறணும். ஏ500கே-னு போட்டிருந்தா குமிழ் பாதியில நிக்கும்போது 50 முதல் 75 கே-தான் வரும். லாக் (லாகரிதமிக்) பாட் அப்படித்தான். பி-னு, அதாவது லீனியர்னு போட்டிருந்தா 250 வரும்.

ஆறுதந்தி:
நன்றி. மீட்டர் வாங்கியாச்சு, இன்னொரு சந்தேகம். கிட்டாரைத் திறக்காமலே ஜாக் வழியா பிக்கப்பை அளக்கலாம் என்கிறார்கள். 20 கே-யில் வைத்தால் வெறும் 1-தான் வருது. பிக்கப் கட்டா?

ஈயப்பற்று:
வால்யூம் குமிழ் எங்கே இருக்கிறது? முழுக்கத் திறந்து 10-க்குக் கொண்டுபோங்கள், பிறகு அளங்கள்.

காரணம் இது. வால்யூம் 10-ல் பிக்கப்பும் பாட்டும் பேரலலில் நிற்கும். 8.00 கே ஹம்பக்கர் 500 கே பாட்டோடு 7.87 காட்டும், 250 கே பாட்டோடு 7.75. பெரிய வித்தியாசம் இல்லை. குமிழை இறக்கினால் பாட்டின் ஒரு பகுதி பிக்கப்போடு தொடராகச் சேர்ந்துவிடும். 500 கே லீனியர் பாட் நட்டநடுவில் இருந்தால் ஜாக்கில் 127 கே வரும். அது 20 கே-யில் அடங்குமா? அடங்காது, அதனால் 1. டோன் குமிழ் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, கெப்பாசிட்டர் டிசி-யை விடாது.

10-ல் வைத்தும் 1 என்றால் 2 மெகாவுக்குப் போங்கள். அங்கே 0.25 அல்லது 0.5 மெகா வந்தால் நீங்கள் பார்ப்பது பாட்டை மட்டும். பிக்கப் காயிலோ, அதிலிருந்து சுவிட்ச் வழியாக வரும் வயரோ அறுந்திருக்கிறது. 2 மெகாவிலும் 1 நின்றால் ஜாக் பக்கம் தேடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட், முதல் சந்தேகம் ஜாக்கின் டிப் காது குழிக்குள் ஒட்டியிருக்கும் காப்பர் ஃபாயிலைத் தொடுகிறதா என்பது. 5 வழி சுவிட்சை 2 அல்லது 4-ல் வைத்து அளந்துவிட்டு 3 கே-தான் வருகிறது என்று பதறாதீர்கள், இரண்டு 6 கே பிக்கப் பேரலலில் அப்படித்தான் இருக்கும்.

சால்டரிங் முடிந்த சூட்டோடு அளக்க வேண்டாம். செம்புக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஓம் ஏறும். ஏசி அறையில் 25 டிகிரியில் 8.00 காட்டிய பிக்கப் மதிய வெயிலில் 35 டிகிரியில் 8.31 காட்டும். முந்நூறு ரூபாய் மீட்டரின் பிழையே ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். 6000 கவுண்ட்டுக்கு (திரையில் காட்டும் படிகளின் எண்ணிக்கை) காசு கொடுக்கத் தேவையில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

இரும்புத்துகள்:
ஹம்பக்கரில் நாலு வயர் வந்தால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். சீமோர் டங்கனில் கருப்பு ஹாட் (சிக்னல் வயர்), சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முடிந்துவைப்பது, பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்ட். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், கருப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சை கிரவுண்ட். பெயர் தெரியாத பிக்கப் என்றால் 20 கே-யில் வைத்து ஜோடி தேடுங்கள். 4 கே அளவில் ஏதாவது வரும் இரண்டு வயர் ஒரு காயில்.

அடுத்தது ஃபேஸ், அதாவது எல்லா பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் போகிறதா என்பது. புது ஹம்பக்கர் நடு பிக்கப்போடு சேரும்போது ஒலி மெலிந்து மூக்கால் பாடுகிற மாதிரி வந்தால் ஃபேஸ் தலைகீழ். சால்டர் வைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். மீட்டரை டிசி 200 மில்லி வோல்ட்டில் வைத்து, சிவப்பு லீடை ஹாட்டிலும் கருப்பை கிரவுண்டிலும் மாட்டுங்கள். இரும்பு ஸ்க்ரூட்ரைவரின் தண்டைப் போல்பீஸ் (பிக்கப் மேல் தெரியும் உலோகப் புள்ளிகள்) மேல் படுக்கவைத்து, எண் அடங்கியதும் சட்டென்று மேலே இழுங்கள். ஒரு கணம் பிளஸ் வரும் அல்லது மைனஸ் வரும். எல்லா பிக்கப்பும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். மூடி அல்லது பேஸ்பிளேட் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் அந்த இணைப்பை முதலில் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியே ஹாட் ஆகிவிடும். நடு பிக்கப் தலைகீழ் காந்தம், தலைகீழ் சுற்று என்றாலும் பயமில்லை. இரண்டும் மாறியிருப்பதால் பதில் ஒரே பக்கம்தான் வரும்.

இதற்கு டிஜிட்டலை விட முள் மீட்டர் நல்லது. டிஜிட்டல் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், துடிப்பு நடுவில் தப்பிவிடும். நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள்.

ஹம்_இல்லாதவன்:
மேடையில மைக்ல உதடு பட்டா சுர்ருனு அடிக்குதுனு அடுத்த கேள்வி வரும், அதனால இப்பவே. இதுக்கு மட்டும் 830-ஓட மெல்லிசு லீடை நம்பாதீங்க. கேட் 3 (CAT III பாதுகாப்பு வகை), 600 வோல்ட்னு போட்ட மீட்டர், இன்சுலேஷன் உள்ள கிளிப். பெரிய ஏசி ரேஞ்ச்ல வெச்சு ஸ்ட்ரிங்குக்கும் மைக் வலைக்கும் நடுவுல அளங்க. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட்) அடாப்டர்ல இருந்து 100 வோல்ட் சுமாருக்குக் காட்டலாம். கசிவா, நிஜ ஃபால்ட்டானு பிரிக்க, 100 கே, 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை மீட்டருக்குப் பேரலலா மாட்டுங்க. கசிவுனா பத்து இருபது வோல்ட்டுக்கு விழுந்துடும். விழாம அப்படியே நின்னா யாரையும் கிட்டாரைத் தொட விடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லுங்க.