பல் கறை, பல் கூச்சம்: பிள்ளைகள் படும் பாடு

பென்னாகரம் டீச்சர்:
எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு உப்பு அதிகம், இங்கே எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும், எங்கள் கண்ணில் அது படக்கூடப் படாது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பெண்ணை எழுப்பி, "பல்லே விளக்க மாட்டியா பாப்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மறுநாள் அவள் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தால் ஈறெல்லாம் ரத்தம். செங்கல் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறாள். "இன்னும் போகல டீச்சர்" என்றாள். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ரெண்டு வாண்டு அம்மா:
என் பையனுக்கு ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல், வந்ததுமே மஞ்சளாக உதிர ஆரம்பித்தது. ஐஸ்கிரீமை முழுக்க உருகவிட்டுத்தான் குடிப்பான். பிரஷைக் கண்டால் ஓட்டம். பல் டாக்டர் மரப்பு ஊசி போட்டும் சரியாக மரக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "பொய் சொல்லலம்மா, நிஜமாவே வலிக்குது" என்றான். எல்லாம் இந்தத் தண்ணீரால்தான்.

பழைய வாட்டர்போர்டு:
இல்லைங்க அம்மா, எல்லாவற்றுக்கும் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். கடைவாயும் முன்பல்லும் மட்டும் இப்படி வந்தால் எம்ஐஎச் என்பார்கள், பல்லின் எனாமல் சரியாக இறுகாமல் முளைக்கிற கோளாறு, அது வேறு. ஃப்ளோரைடு கறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும். என் மகளுக்கும் அந்தக் கறை இருந்தது, கையால் வாயை மூடித்தான் பேசுவாள். சரி, எல்லோரும் கேளுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்ஓ பிடிக்கும், சாதா வடிகட்டி பிடிக்காது. மூன்று வயது வரை ஃப்ளோரைடு பேஸ்ட் அரிசி அளவு, அப்புறம் ஆறு வரை பட்டாணி அளவு, விழுங்க விடாதீர்கள். பல் உள்ளே உருவாகிற காலம் என்பதால் எட்டு வயதுக்குள் குடிக்கிற தண்ணீர்தான் முக்கியம்.

பென்னாகரம் டீச்சர்:
ஐயா, என் வகுப்புப் பெண்ணுக்குப் பத்து வயது. ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, முளைத்த பல்லின் கறையை அது எடுக்காதே. முன்பல்லுக்கு மட்டும் கறையை மறைக்கும் பல் நிறக் காம்போசிட் பூச்சு எந்த அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள், யாருக்காவது தெரியுமா?