லண்டன் பொம்பிளை, பேர்லின் மாப்பிள்ளை: ஒரு ஒப்பந்தம் காணுமோ?

கேள்வி

தங்கச்சி பிரிட்டிஷ் குடியுரிமை, லண்டனில அவவின்ர பெயரில ஒரு பிளாட். மாப்பிள்ளை ஜேர்மன் குடியுரிமை. முதல் பேர்லினில இருந்து, பிறகு லண்டன் வாற யோசனை. கலியாணத்துக்கு மூண்டு மாதம் கிடக்கு. பிரிஞ்சால் சொத்து ஆருக்கு எண்டு கலியாணத்துக்கு முதலே எழுதிற ஒப்பந்தத்தை ஜேர்மன் நொத்தாரிசிட்ட எழுதினால் இரண்டு நாட்டுக்கும் காணுமோ?

பதில்

ஜேர்மனிக்குக் காணும். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில நொத்தாரிசுக்கு முன்னால எழுதவேணும். வீட்டில கையெழுத்து வைச்ச கடதாசி செல்லாது.

எந்த நாட்டுச் சட்டம் எண்டதை அதில கட்டாயம் போடுங்கோ. 2019 ஜனவரி 29 தொடக்கம் உள்ள ஐரோப்பிய விதிப்படி, தெரிவு செய்யாட்டி கலியாணத்துக்குப் பிறகு முதல் சேர்ந்து குடியிருந்த நாட்டின்ர சட்டம்தான். உங்கட விஷயத்தில ஜேர்மன் சட்டம். அதில பிளாட் தங்கச்சியின்ரதான், ஆனால் கலியாண காலத்தில கூடின பெறுமதி கணக்கில வரும். விவாகரத்தெண்டால், ஆருக்குச் சொத்துக் கூடக் கூடினதோ அவர் வித்தியாசத்தில பாதி குடுக்கவேணும். தொடக்கச் சொத்துப் பட்டியல் இல்லாட்டி, தொடக்கத்தில ஒண்டுமே இருக்கேல்லை எண்டுதான் சட்டம் எடுக்கும். அப்பிடியில்லை, முதலே இருந்தது எண்டு காட்டுற பாரம் அவவின்ர தலையில. கலியாண மாதத்து மதிப்பீட்டு அறிக்கையும் வீட்டுக்கடன் மிச்சக் கடிதமும் பத்திரமா வேணும்.

பதில்

லண்டனுக்கு அது மட்டும் காணாது. இங்கிலாந்து நீதிமன்றம் தன்ர சட்டத்தைத்தான் பார்க்கும். 2010 ராட்மாகர் எண்ட விவாகரத்து வழக்கில ஜேர்மன் நொத்தாரிசிட்ட எழுதின ஒப்பந்தத்துக்கு உச்ச நீதிமன்றம் தீர்க்கமான மதிப்புக் குடுத்தது உண்மை. அந்தப் புருஷனுக்குத் தனி ஆலோசனையும் இல்லை, மனைவியின்ர சொத்து விபரமும் காட்டேல்லை. அவர் வங்கியாளர், என்ன எழுதிறார் எண்டு விளங்கித்தான் எழுதினார். அதை நம்பி நீங்கள் இறங்கவேண்டாம்.

நொத்தாரிசு இரண்டு பேருக்கும் பொது ஆள். ஆளுக்கொரு இங்கிலாந்துச் சட்டத்தரணி வேணும், முழுச் சொத்துக் கணக்கும் இணைக்கவேணும், கலியாணத்துக்கு 28 நாளுக்கு முதலே கையெழுத்து முடியவேணும். இது 2014இல சட்ட ஆணைக்குழு சொன்ன பரிந்துரை. சட்டமாகேல்லை, ஆனால் சட்டத்தரணிகள் இதைத்தான் பின்பற்றுகினம். தங்கச்சிக்கு ஜேர்மன் தெரியாட்டி எழுத்து மொழிபெயர்ப்பை முன்கூட்டியே கேளுங்கோ. பிள்ளையளின்ர செலவு, இருக்க வீடு எண்ட அடிப்படைத் தேவைகளை வெட்டி எழுதினால் அந்தப் பகுதி நிக்காது.

கேள்வி கேட்டவர்

நன்றி. யாழ்ப்பாணத்தில அவவின்ர பெயரில ஒரு காணியும் இருக்கு.

பதில்

அதை இதுக்குள்ள அடக்கேலாது. இரண்டு பேரும் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) உட்பட்டவையெண்டால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி மனைவி தன்ர காணியை விற்கவோ நன்கொடை குடுக்கவோ புருஷன்ர எழுத்துச் சம்மதம் வேணும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.