விரலில் மாட்டும் பொய் கண்டறியும் கருவி: சீட்டுச் சோதனையில் சந்தேகம்

தறிநூல்:
வணக்கம். விலை குறைந்த பொய் கண்டறியும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு விரல்களில் சுற்றும் பட்டை, பட்டைக்குள் சின்ன உலோகத் தகடு, ஒரு திருகு, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் விளக்கு வரிசை, அவ்வளவுதான். பச்சை விளக்கு ஒன்று மட்டும் எரியும்படி திருகை வைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும்.

ஐந்து சீட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கச் சொல்வேன். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி "இதுவா?" என்பேன், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில் வர வேண்டும். மகனுக்கு அவன் எடுத்த சீட்டு வந்ததும் விளக்கு சரசரவென்று ஏறுகிறது. மகளுக்கு முதல் சீட்டுக்கே சிவப்பு, இருமினாலும் சிவப்பு. மனைவிக்கு எப்போதும் கை சில்லென்று இருக்கும்; அவருக்கு விளக்கு அசையவே இல்லை.

கருவி மட்டமா, செய்முறை தப்பா? இன்னொன்று: "என் வண்ணப் பென்சிலை எடுத்தது யார்னு இதுல கேளுங்கப்பா" என்கிறான் மகன். அதைக் கேட்டதுமே சின்னவள் முகம் வாடிவிட்டது. கேட்கலாமா?

ஓம்விதி:
கருவி நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குத் தெரிந்தது வியர்வை மட்டும்தான். மனம் கொஞ்சம் உசுப்பப்பட்டாலே விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்க்கும், தோலின் மின்தடை குறையும், விளக்கு ஏறும். இருமல், ஆழ்ந்த மூச்சு, கதவு அடிக்கும் சத்தம் எதற்கும் இதே கதைதான்.

முதலில் வரும் எதற்கும் உடம்பு ஒருமுறை துள்ளும். அதனால் ஐந்தில் சேராத சீட்டு ஒன்றை முதலில் காட்டுங்கள். அதற்கு வரும் ஏற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறம், ஏற்றம் தொடங்கவே கேள்விக்குப் பிறகு 1 முதல் 3 வினாடி ஆகும், இறங்க அதைவிடக் கூடுதல் நேரம். மடமடவென்று சீட்டைக் காட்டினால் முந்தைய சீட்டின் ஏற்றம் அடுத்ததன் தலையில் விழும். நடுவில் 20 வினாடியாவது விடுங்கள். மனைவி கையைச் சூடாக்கிக்கொண்டு, பட்டையை மாட்டிச் சில நிமிடம் கழித்து உட்காரட்டும். சிலருக்கு இயல்பிலேயே அசைவு குறைவு, அதற்கு மருந்து கிடையாது.

கோடும்கட்டமும்:
யார் எந்தச் சீட்டை எடுத்தார் என்று தெரிந்தவர் கேள்வி கேட்கக் கூடாது, விளக்கையும் பார்க்கக் கூடாது. குரலில் வரும் சின்ன மாற்றமே போதும், எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்தில் ஒன்று சரியாகிவிடும், எனவே நான்கைந்து சுற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று: எல்லாச் சீட்டுக்கும் "ஆமாம்" என்று சொல்ல வையுங்கள். எடுத்த சீட்டுக்கு மட்டும்தான் அது உண்மை. அடுத்த சுற்றில் வாயே திறக்க வேண்டாம். எடுத்த சீட்டுக்கு அப்போதும் விளக்கு ஏறினால், கருவி பிடித்தது பொய்யை இல்லை, "இது என் சீட்டு" என்று மனம் அடையாளம் கண்டதை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959-இல் வெளியிட்ட சோதனை முறை இதன்மேல்தான் நிற்கிறது: குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரத்தைப் பல விவரங்களுக்கு நடுவே வைத்துக் காட்டுவது.

வேம்புநிழல்:
பென்சில் கேள்வி வேண்டவே வேண்டாம். தன்மேல் சந்தேகம் என்ற பயமே அந்தக் குழந்தைக்குச் சிவப்பை ஏற்றிவிடும். எடுக்காத பிள்ளை எடுத்தவளாகிவிடுவாள். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்? ரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை மூன்றையும் சேர்த்து அளக்கும் பெரிய பாலிகிராஃபுக்கே இந்தக் குறை தீரவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை அதன் அறிவியல் அடிப்படை பலவீனமானது என்றே சொன்னது. பென்சிலைப் பற்றிக் கருவி இல்லாமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஷாக் அடிக்கும் வகையும் விற்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் யாரும் அதைத் தொடக் கூடாது.

தறிநூல்:
எல்லோருக்கும் நன்றி. பென்சில் கேள்வியை விட்டாயிற்று. மனைவி சீட்டு கொடுக்க, நான் கேட்டேன். வாய் திறக்காத சுற்றிலும் மகனுக்கு அவன் சீட்டில் விளக்கு ஏறியது, பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். மகளுக்கும் இடைவெளி விட்டபின் ஓரளவு தெளிவாக வருகிறது. ஆனால் போகப் போக ஏற்றம் குறைகிறதே?

ஓம்விதி:
பழகிவிட்டது, அவ்வளவுதான். சீட்டுகளுக்குப் பதில் அவர்கள் பார்க்காத படங்களைப் போடுங்கள், ஏற்றம் திரும்ப வரும்.