வேர்சேல்ஸ் உடன்படிக்கைதான் இரண்டாம் உலகப் போருக்குக் காரணமா?

உயர்தர மாணவி, கிளிநொச்சி:
வணக்கம். முதலாம் உலகப் போரின் முடிவில் ஜேர்மனியுடன் செய்யப்பட்ட 1919ஆம் ஆண்டின் வேர்சேல்ஸ் உடன்படிக்கையே இரண்டாம் உலகப் போரை விளைவித்தது என்று எமது வகுப்புக் குறிப்பில் ஒரே வரியில் உள்ளது. இருபது ஆண்டுகள் கழித்து மூண்ட போருக்கு அது ஒன்றே போதிய காரணமாகுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு:
போதாது, பிள்ளை. போர்ப்பொறுப்பை ஜேர்மனி மீதும் அதன் கூட்டு நாடுகள் மீதும் சுமத்திய 231ஆம் உறுப்புரையும், 1921இல் விதிக்கப்பட்ட 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடும் ஆறாத மனக்கசப்பை வளர்த்தன என்பது உண்மை. ஆயினும் 1928ஆம் ஆண்டு ஜேர்மன் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி மூன்று சதவீத வாக்குகளைக்கூடப் பெறவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இலட்சக்கணக்கானோரின் வேலையைப் பறித்த பின்னரே, 1932 யூலையில், அக்கட்சி 37 சதவீதத்தை எட்டியது. இந்த இரண்டு எண்களையும் விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

வாசகர், மாங்குளம்:
ஐயா கூறியதோடு 1938ஆம் ஆண்டின் மியூனிக் உடன்பாட்டையும் சேர்க்க வேண்டும். செக்கோசிலோவாக்கியாவைப் பேச்சு மேசைக்கே அழைக்காமல், அதன் சுடேற்றன் நிலப்பகுதியைப் பிரித்தானியாவும் பிரான்சும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தன. தமது ஊரின் தலைவிதியை வேறெவரோ எங்கோ இருந்து தீர்மானிப்பதன் வேதனை வன்னி மக்களுக்கு நன்கு தெரியும் என்பதால், போரின் காரணங்களுள் இதையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன்.

உயர்தர மாணவி, கிளிநொச்சி:
நன்றி ஐயா. அப்படியாயின் 1932 லோசான் மாநாட்டில் இழப்பீடு கைவிடப்பட்டதையும் குறிப்பிடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு:
அவசியம் குறிப்பிடுங்கள், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது அதன் பின்னர், 1933 ஜனவரியிலேயே.