'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்': கேடயச் சின்னமா, ஊர்ப்பொறியா?

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம். பிள்ளைகள் ஊட்டி நகராட்சிக்கு ஒரு சின்னம் வரைகிறார்கள், ஆங்கிலத்தில் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்கிறார்களே, அந்த வகை. மாதிரிக்கு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தினுடையதைக் காட்டினேன்: கேடயத்தில் கோட்டையைச் சுமக்கும் யானை, உச்சியில் காட்டுப்பூனை, இருபுறமும் கழுகும் ஃபீனிக்ஸும். 1940 குண்டுவீச்சில் எரிந்த ஊர் மீண்டெழுந்ததற்காக, சாம்பலிலிருந்து எழும் கற்பனைப் பறவையான ஃபீனிக்ஸ். வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டவேண்டும், தலைப்புக்கு இதற்கான தமிழ்ச் சொல் தாருங்கள். வெறும் 'சின்னம்' என்றால் தேர்தல் சின்னமா என்கிறார்கள்.

குன்னூர்:
'இலச்சினை' இருக்கிறதே டீச்சர். கோபுரம் போட்ட அரசு இலச்சினை எல்லாருக்கும் தெரியும்.

கூடலூர்:
ஐயா, அது வடமொழி 'லாஞ்சனம்'. சின்னமும் அங்கிருந்து வந்ததே. நம்மிடம் 'பொறி' இருக்கிறது. புறநானூறு 58இல் சோழனும் பாண்டியனும் ஒன்றாக வீற்றிருக்கக் கண்ட புலவர் காரிக்கண்ணனார், பிறர் குன்றுகளில் புலியும் கெண்டையும் சேர்த்துப் 'பொறித்த குடுமிய ஆக' என்று வாழ்த்துகிறார். குடுமி என்றால் மலையுச்சி. மலையூருக்கு இதைவிட என்ன வேண்டும்? 'ஊர்ப்பொறி' என்போம்.

குன்னூர்:
அது வென்றவன் பிறர் மலையில் பொறிப்பது. ஊர் தனக்கென்று வைத்துக்கொள்வது வேறு. சோழர் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனையும் வில்லையும் ஒரே குடைக்கீழ் வைத்தார்கள். அதுவும் ஆதிக்கம்தான்.

கோத்தகிரி:
பலகையில் 'பொறி' என்று எழுதிப் பார்த்தேன். உடனே 'எலிப்பொறியா டீச்சர்?' என்று கேட்டார்கள்.

கொடைக்கானல்:
கேடயம்தான் இதன் உயிர். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் கேடயத்தில் தீட்டிக்கொண்டதிலிருந்து வளர்ந்தது. 'கேடயச் சின்னம்' போதும். உச்சியில் இருப்பதற்குச் 'சூட்டு' எனலாம். சேவல் கொண்டைக்கு நம் பழஞ்சொல். பக்கத்தில் நிற்பவை 'தாங்கிகள்'.

கூடலூர்:
தாங்கி என்றதும் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வருகிறது. 'காவலுரு' நல்லது. அப்புறம், ஊட்டிக்கு என்ன வரைந்தார்கள்?

கோத்தகிரி:
ஒரு பக்கம் வரையாடு, மறுபக்கம் தோடர் எருமை. முதலில் வந்த படத்தில் கொம்பு பின்னால் மடங்கிச் சமவெளி எருமையாகிவிட்டது. தோடர் குடியிருப்பான மந்துப் பக்கமிருந்து வரும் பையன் ரப்பரால் அழித்து, பக்கவாட்டில் விரித்துப் பிறையாக வளைத்தான். கேடயத்துக்குள் குறிஞ்சி.

கொடைக்கானல்:
குறிஞ்சி எங்களுக்கும் வேண்டுமே!

குன்னூர்:
இரண்டு மலைக்கும் பூக்கிறது, இருவரும் வைத்துக்கொள்ளலாம். சரி, இலச்சினையை விடுகிறேன். கேடயச் சின்னத்துக்கு என் ஒப்புதல்.

கோத்தகிரி:
நன்றி. 'கேடயச் சின்னம்', 'சூட்டு', 'தாங்கிகள்' என்று எழுதி ஒட்டுகிறேன்.

கூடலூர்:
ஒட்டுங்கள் அம்மா, நாள் நெருங்கிவிட்டது. ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. பாத்திரத்தில் பெயர் பொறிக்கிறோம், கல்லில் பொறிக்கிறோம். வினை உயிரோடிருக்கும்போது பெயரை மட்டும் எலிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டியலில் 'ஊர்ப்பொறி'யை மாற்றுச்சொல்லாகவாவது சேருங்கள்.