சேலத்தில் 100, ஏற்காட்டில் 86: மின்முனை கெட்டுப்போச்சா?

மலைக்காப்பி:
அப்பாவின் காப்பித் தொட்டியில் கொட்டை புளிக்கும்போது ஈஸ்ட் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று பார்க்க ஆசை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் பழைய கிளார்க் மின்முனை ஒன்று கிடைத்தது. சேலத்தில் காற்றடித்த தண்ணீரில் அளவை 100 சதவீதம் என்று வைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே ஈஸ்ட் போடாத தண்ணீரிலேயே 86 காட்டுகிறது! குலுங்கிக் கெட்டுவிட்டதா?

பழைய லேப்காரன்:
கெடவில்லை தம்பி. அது அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை. சேலம் சுமார் 280 மீட்டர், நீங்கள் 1,500 மீட்டரில். காற்றழுத்தமே குறைவு, 86 சரியான கணக்குதான். அங்கேயே காற்றடித்து 100 வையுங்கள். பூஜ்யம் வைக்க, ஆக்சிஜனை நீக்கிவிடும் சோடியம் சல்பைட் கரைசல்.

உப்புக்கல்:
கலக்கிக்கொண்டே அளங்க. மின்முனைக்குள் இருக்கும் பிளாட்டினம் முனையே ஆக்சிஜனைத் தின்னும். கலக்காவிட்டால் ஈஸ்ட் தின்றதா முனை தின்றதா என்று தெரியாது. முனையை மூடியிருக்கும் டெஃப்லான் சவ்வுக்கு அடியில் குமிழ் இருந்தாலும் அளவு தள்ளாடும்.

மலைக்காப்பி:
அண்ணே, கடுகளவு குமிழ் இருந்தது! சவ்வை மாற்றினேன். மூடிய குப்பியில் ஈஸ்ட்டோடு சர்க்கரை சேர்த்ததும் ஆக்சிஜன் கோடு சரசரவென இறங்கியது. கொதிக்கவைத்த ஈஸ்ட்டில் அசையவே இல்லை. அப்பா எட்டிப் பார்த்து, "மூக்கில் மோந்தாலே தெரியுமே" என்றார். தொட்டிக்குள் இன்னும் விடவில்லை, பிசுபிசுப்பு சவ்வில் ஒட்டுமோ?

பழைய லேப்காரன்:
ஒட்டும். வடிகட்டிய சாறில் அளங்க.