இரவு முழுக்க எடுத்த கூத்து வீடியோ: எந்த எடிட்டிங் மென்பொருள், நாலு பேர் எப்படிப் பங்கிட்டு வேலை செய்வது?

செய்யாற்றங்கரை:

வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் இந்த வருஷம் பாரதக் கூத்தை முழுசாகப் பதிவு செய்தோம். வில் வளைப்பில் தொடங்கி பதினெட்டாம் போர் வரைக்கும், ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிகிற வரை. கடைசி நாள் பகலில் நடந்த படுகளமும் (துரியோதனன் வீழும் சடங்கு) இருக்கிறது.

ஒரு சோனி கேமரா (4கே, 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், 25 ஃபிரேம்), ஒரு பழைய கேனான், இரண்டு போன், அப்புறம் ஆர்மோனியம் பக்கத்தில் வைத்த ஒரு ரெக்கார்டர். எல்லாம் இப்போது மூன்று ஹார்ட் டிஸ்க்கில் பிரிந்து கிடக்கிறது. நாங்கள் நாலு பேர், யாருக்கும் இது தொழில் இல்லை. ஊரில் இருக்கும் என்னிடம் 16 ஜிபி ராம் போட்ட டெஸ்க்டாப், சென்னையில் இருப்பவரிடம் 8 ஜிபி விண்டோஸ் லேப்டாப், பெங்களூரில் இருப்பவரிடம் மேக்புக், வேலூர் நண்பர் உபுண்டு லினக்ஸ் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

செய்ய நினைப்பது இரண்டு. ஜமாவுக்கும் (கூத்துக் குழு) வாத்தியாருக்கும் ஒவ்வொரு இரவின் முழுப் பதிவையும் வெட்டாமல் கொடுக்க வேண்டும், அவர்கள் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதற்கு. அப்புறம் ஒவ்வொரு நாடகத்திலிருந்தும் அரை மணி நேரப் படம் ஒன்று, தமிழில் தலைப்பும் பாட்டு வரிகளும் போட்டு யூடியூபில் ஏற்ற வேண்டும்.

ஒருவர் பிரீமியர் என்கிறார், இன்னொருவர் டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறதே என்கிறார். கூகுள் டிரைவின் 15 ஜிபியில் ஒரு மணி நேரம்கூட அடங்கவில்லை. சோனி கார்டு ஒவ்வொன்றிலும் சி0001, சி0002 என்று அதே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது, எது அபிமன்யு சண்டை, எது கர்ண மோட்சம் என்று திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது? எந்த மென்பொருள்?

பழைய ரீல்:

மென்பொருள் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்பும் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று உங்கள் பதிவிலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியென்றால் முதல் செலவு இன்னொரு செட் டிஸ்க்குக்குத்தான். இரண்டு செட், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, ஒன்று ஊரில், ஒன்று சென்னையில். இது முடிகிற வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

காப்பி எடுக்கும்போது வெறுமனே இழுத்துப் போடாமல், எடுத்த காப்பி சரியா என்று சரிபார்க்கும் கருவியால் எடுங்கள். விண்டோஸில் டெராகாப்பியில் 'வெரிஃபை' என்று ஒரு வசதி இருக்கிறது, உபுண்டுவில் ஆர்சிங்கால் எடுத்து, '--checksum' சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். டிஸ்க்கை எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மேட் செய்தால் மூன்று சிஸ்டமும் படிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது. எக்ஸ்ஃபாட்டில் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் அதிகம், அதனால் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், நாலு பேரும்.

இப்போது பெயர்கள். சோனி கார்டுக்குள் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றாதீர்கள். வீடியோவோடு சேர்ந்த எக்ஸ்எம்எல் கோப்புகள் அதில் இருக்கும், கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே எடுத்து, வெளியே ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள்: தேதி, கேமரா, கார்டு எண். 20250511_சோனி_01 என்கிற மாதிரி (இதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்). தேதியில் ஆண்டு முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள். அப்போதுதான் ஃபோல்டர்கள் தானாக வரிசையில் நிற்கும்.

கூத்துக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து மணிக்கு ஆரம்பித்த ஆட்டத்தின் பாதிக் கோப்புகள் நள்ளிரவைத் தாண்டி அடுத்த தேதியில் விழும். கேமரா போடுகிற தேதியை வைத்துப் பிரித்தால் ஒரே நாடகம் இரண்டு ஃபோல்டரில் துண்டாகிவிடும். ஆட்டம் எந்தச் சாயந்திரம் தொடங்கியதோ அந்தத் தேதிதான் அந்த இரவு முழுமைக்கும் என்று முடிவு செய்து, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பகிர்வு. 100 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 45 ஜிபி. எட்டு மணி நேர ஆட்டத்துக்கு சோனியில் மட்டும் 360 ஜிபி. உங்கள் ஊர் இணைப்பில் அப்லோட் 20 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் இரவின் பதிவை ஏற்ற 40 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். மூலக் கோப்புகளை இணையத்தில் அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அவை டிஸ்க்கில், பஸ்ஸில், கையில்தான் போக வேண்டும். இணையத்தில் போக வேண்டியது பிராக்ஸி, அதாவது மூலத்தின் சின்ன நகல். 3 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் ஓர் இரவுக்குக் கிட்டத்தட்ட 11 ஜிபிதான். சிங்க்திங் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நாலு கணினியிலும் போட்டால் ஒருவர் ஃபோல்டரில் போட்டது மற்றவர்களுக்கு நேராகப் போய்ச் சேரும், நடுவில் யாருடைய சர்வரிலும் இடம் வாங்க வேண்டாம். ஒருவர் அழித்தால் எல்லாரிடமும் அழியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதைக் காப்பு நகல் என்று நம்ப முடியாது.

பிராக்ஸி எடுக்கும்போது ஃபிரேம் வேகத்தையும் ஆடியோ சேனல் எண்ணிக்கையையும் மூலத்தில் இருப்பது போலவே வைக்க வேண்டும். கோப்பின் பெயரும் அதேதான். இதில் ஏதாவது மாறினால் கடைசியில் மூலத்தோடு இணைக்கிற நேரத்தில் தகராறு.

கடைசியாக, ஒரு கூகுள் ஷீட். தேதி, ஃபோல்டர், கோப்பு, என்ன நாடகம், யார் வேஷம், எந்தப் பாட்டு, ஒலி எப்படி. இதை எடிட் தெரிந்தவர் எழுதக் கூடாது, கூத்து தெரிந்தவர் எழுத வேண்டும். வாத்தியாரோ பின்பாட்டுக்காரரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், இது துரியோதனன் வேஷம் வருகிற இடம், இங்கே கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) கேள்வி கேட்கிறான் என்று சொல்லிக்கொண்டே போவார். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி வெளியே வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். இரவு முழுக்க நடப்பதில் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பிடிக்கக்கூடிய எல்லைக்கற்கள் அவைதான்.

நள்ளிரவு டைம்லைன்:

மேலே சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிராக்ஸியை எந்த வடிவத்தில் எடுப்பது, எங்கே வைப்பது என்பதே மென்பொருளைப் பொறுத்துத்தான்.

உங்கள் நாலு கணினியை வைத்துப் பார்த்தால் விடை சுலபம். ரிசால்வ் அருமையான மென்பொருள், நிறம் திருத்த அதற்கு இணையில்லை, இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் தொல்லையும் கிடையாது, 4கே வரை வெளியே எடுக்கலாம். ஆனால் அதற்குக் குறைந்தது 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும், சென்னை நண்பரின் 8 ஜிபி லேப்டாப்பில் மூச்சுத் திணறும். லினக்ஸில் இலவசப் பதிப்பு ஹெச்.264, ஹெச்.265 என்கிற சுருக்க முறைகளில் எடுத்த வீடியோக் கோப்புகளைத் திறக்காது, உங்கள் கேமராவும் போனும் எடுப்பதெல்லாம் அவைதான். வேலூர் நண்பர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ரிசால்வில் புராஜெக்ட் என்பது ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரிகிற கோப்பாக இருக்காது, அதன் சொந்த டேட்டாபேஸுக்குள் உட்கார்ந்திருக்கும். டிஆர்பி கோப்பாக ஏற்றுமதி செய்துதான் அடுத்தவருக்கு அனுப்ப முடியும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

பிரீமியர் மாதச் சந்தா. ஆறு மாதம் ஓடும் வேலைக்கு நாலு பேர் கட்டுவது வீண். ஃபைனல் கட் மேக்கில் மட்டும்தான்.

ஆகவே கேடென்லைவ். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சின்ன லேப்டாப்பிலும் பிராக்ஸி போட்டால் நகரும். புராஜெக்ட் ஒரு சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பு, சில எம்பி இருந்தால் அதிகம், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவே அனுப்பலாம். வேறு கணினியில் திறந்ததும் கோப்புகளைக் காணோம் என்று சொல்லும், ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருப்பதையெல்லாம் துழாவிக் கண்டுபிடிக்கும். பெயரை மட்டும் பார்க்காமல் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த அடையாளத்தையும் ஒப்பிட்டுத் தேடுவதால், உங்கள் சி0001 குழப்பத்தில் தப்பான இரவின் கோப்பு வந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. குறையையும் சொல்லிவிடுகிறேன்: அவ்வப்போது மூடிக்கொள்ளும், நிறம் திருத்துவதில் ரிசால்வ் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது, மேக்கில் லினக்ஸ் அளவு மெருகு இல்லை.

நாலு பேரும் ஒரே பதிப்பு எண்ணைப் போடுங்கள், வேலை முடியும் வரை யாரும் அப்டேட் செய்யக் கூடாது. ஒரே புராஜெக்டை இருவர் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. ஒரு நாடகம் ஒரு புராஜெக்ட், ஒரு ஆள் பொறுப்பு. துகிலுரிதல் சென்னை, அபிமன்யு சண்டை வேலூர் என்று பிரித்துக்கொண்டால் சண்டையே வராது.

செய்யாற்றங்கரை:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். இரண்டாவது செட் டிஸ்க்குக்குப் பணம் திரட்ட இன்றைக்கே பேசிவிட்டேன். வாத்தியாரை உட்கார வைத்து எழுதுவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, அவர் சந்தோஷமாக வருவார்.

இரண்டு சந்தேகம். போனில் எடுத்ததைச் சோனியோடு சேர்த்தால் தொடக்கத்தில் உதடும் பாட்டும் சரியாக இருக்கிறது, அரை மணி நேரம் கழித்து விலகிவிடுகிறது. அப்புறம் தலைப்பில் தமிழ் எழுத்து சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று வருகிறதே?

கொம்பும் காலும்:

எழுத்துப் பிரச்சினைக்கு நான் வருகிறேன். தமிழை ஒழுங்காக வரைய மென்பொருளுக்கு எழுத்துகளைச் சேர்த்து அமைக்கிற திறன் வேண்டும். கேடென்லைவ் க்யூட்டி என்கிற அடித்தளத்தில் கட்டப்பட்டது, அதில் தமிழ் சரியாகவே வரும். பிரீமியரில் என்றால் விருப்பங்களில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் நீங்கள் சொன்ன கோலம்தான். எந்த மென்பொருளையும் முடிவு செய்வதற்கு முன்னால் தலைப்பில் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' இந்த நான்கையும் அடித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதிலும் சரியாக வராவிட்டால் இங்க்ஸ்கேப்பில் தலைப்பைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வைத்துக்கொள்ளலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாட்டு வரிகளை யூனிகோடில் எஸ்ஆர்டி கோப்பாக வைத்தால் யூடியூப் அப்படியே சப்டைட்டிலாக ஏற்றுக்கொள்ளும், பார்ப்பவர் வேண்டுமென்றால் அணைத்துக்கொள்ளலாம், ஜமாவிடம் பாட்டுப் பிரதியாகவும் தங்கும்.

மேலே ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கச் சொன்னதற்கும் உறுதியான காரணம் உண்டு. 'போர்', 'மோட்சம்' இரண்டிலும் ஓகாரக் குறி இருக்கிறது. யூனிகோடில் அந்தக் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு வேறு வேறு பெயர். மேக்குக்கும் விண்டோஸுக்கும் இடையே கோப்பு போய்வரும்போது இந்த இரண்டில் ஒன்று மற்றொன்றாக மாறிவிட்டால், கண்ணெதிரே இருக்கிற கோப்பையே காணோம் என்று மென்பொருள் சொல்லும். தமிழை ஷீட்டிலும் படத்திலும் தாராளமாக எழுதுங்கள், கோப்புப் பெயரில் மட்டும் வேண்டாம்.

முகவீணை:

ஒலி விலகுவதற்கு: போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏற்றி இறக்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான வேகம் என்று நினைத்து வரிசைப்படுத்துவதால் படம் நகர்ந்துவிடும். போன் கோப்புகளை முதலில் ஹேண்ட்பிரேக்கில் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, 25 என்று வைத்து மாற்றி எடுங்கள். போன் 30இல் எடுத்திருந்தால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று விழும், வேஷக்காரர் வேகமாகச் சுழன்று ஆடும் இடத்தில் லேசான குதிப்பு தெரியும், அந்த இடங்களுக்கு சோனியை வைத்துக்கொள்ளுங்கள். மூலப் போன் கோப்பை அழிக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் மணிக்குச் சில ஃபிரேம் விலகல் இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் கொஞ்சம் வேறுபட்டு ஓடுகிறது. எட்டு மணி நேரத்தை ஒரே நீளமாக ஒட்ட முயலாமல் வேஷம் வருகிற இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாக ஒலியை வைத்துப் பொருத்துங்கள். கேடென்லைவில் ஒரு ஒலியை ஆதாரமாகக் குறித்து மற்றதை அதோடு சேர்க்கும் வசதி இருக்கிறது. தாளச் சத்தம் கூர்மையாக இருப்பதால் பொதுவாக நன்றாகவே பிடித்துக்கொள்ளும், சரிபார்க்க உங்கள் கண்ணுக்கும் அதுதான் நல்ல அடையாளம்.

ஆனால் ரெக்கார்டரை ஆர்மோனியம் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதில் வேஷக்காரர் குரல் அமுங்கியும் ஆர்மோனியம் தூக்கலாகவும் இருக்கும். அதை மட்டும் நம்பாமல் சோனியின் ஒலியையும் கூடவே வைத்துக் கலந்து பாருங்கள், வசனத்துக்கு சோனி, பாட்டுக்கு ரெக்கார்டர் என்று மாற்றி மாற்றிப் போகலாம். அடுத்த வருஷம் எடுப்பதாக இருந்தால் எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் முதல் நாளே ஒன்றாகச் சரிசெய்துவிடுங்கள், ஷட்டரை 1/50இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த வேகத்தில் பந்தல் விளக்குகளின் மினுக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜமாவுக்குக் கொடுக்கும் முழுப் பதிவை 1080பி, ஹெச்.264, எம்பி4 என்று எடுங்கள். டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் எங்கும் ஓடும். பென்டிரைவ் ஃபாட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, அதனால் ஓர் இரவை நாலைந்து பாகமாகப் பிரித்து, எந்தப் பாகத்தில் யார் வேஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த அரை மணி நேரப் படத்தை வாத்தியாரிடம் போட்டுக் காட்டிவிடுங்கள், எந்த இடத்தைப் பொதுவில் வைக்கலாம், எதை வேண்டாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.